வீட்டில் ரைட் செய்த சிடி, டிவிடிக்குப் பெயர் எழுதுவது எப்படி: பேனாவா, ஸ்டிக்கரா, பிரிண்டரா?

பரணில் கிடக்கும் கல்யாண கேசட்டுகளை டிவிடியாக மாற்றிக்கொண்டிருப்பவர்களுக்கும், பழைய போட்டோக்களை டிஸ்க்கில் ரைட் செய்து சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டு கேசட்டுகளை மாற்றிக் கொடுத்த ஸ்டூடியோ, ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் பெண் மாப்பிள்ளை படம் போட்ட வட்ட ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மூன்று கோடை கழிந்ததும் அவற்றில் பல ஓடவில்லை. ஒன்று சித்தப்பாவின் கார் பிளேயருக்குள் போய் வெளியே வர மறுத்துவிட்டது. அதை எடுக்க மெக்கானிக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பெரிய டப்பா புது டிஸ்க் வாங்கியிருக்கலாம். மிச்சம் ஓடியவற்றை மறுபடி காப்பி எடுத்து, மறுபடி பெயர் எழுதி முடிப்பதற்குள் கற்றுக்கொண்டதைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே: டிஸ்க்கின் மேல் ஓர் எண் மட்டும் எழுதுங்கள், அதையும் நடுவில் உள்ள கண்ணாடி போன்ற வளையத்தில், டிஸ்க்குக்கென்றே விற்கும் மார்க்கரால். பெயர், தேதி, யார் யார் இருக்கிறார்கள் என்ற கதையெல்லாம் உறையிலும் ஒரு நோட்டிலும் இருக்கட்டும். ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம்.

1. கையில் இருப்பது எந்த டிஸ்க் என்று பாருங்கள்

எல்லோரும் டிஸ்க்கின் அடிப்பக்கத்தைத்தான் கீறல் படாமல் பொத்திப் பொத்தி வைப்பார்கள். சிடியைப் பொறுத்தவரை மேல்பக்கம்தான் நோஞ்சான்.

ஒரு சிடியின் மொத்தத் தடிமன் 1.2 மி.மீ. அதில் கிட்டத்தட்ட முழுவதும் அடியில் இருக்கும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதற்கு மேலே பதிவை ஏற்கும் சாயம், அதன்மேல் லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பும் உலோகப் படலம், எல்லாவற்றுக்கும் மேலே சில மைக்ரான் தடிமனில் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு. அவ்வளவுதான். நீங்கள் பேனா வைக்கும் இடத்துக்கும் உங்கள் பதிவுக்கும் நடுவே இருப்பது தலைமுடியைவிட மெல்லிய அந்தப் பூச்சு மட்டுமே. அடிப்பக்கக் கீறலைப் பல சமயம் தேய்த்து மெருகேற்றிச் சரிசெய்துவிடலாம். மேலே உலோகப் படலம் பெயர்ந்தால் அந்த இடத்துப் பதிவு போனது போனதுதான். பழைய சிடி ஒன்றை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே படலம் இல்லை என்று அர்த்தம்.

டிவிடியின் அமைப்பு வேறு. 0.6 மி.மீ. தட்டுகள் இரண்டை ஒன்றாக ஒட்டியிருப்பார்கள். பதிவு அந்த ஒட்டுக்குள், நடுவில் இருக்கிறது. அதனால் மேலே எழுதும் மை அவ்வளவு சுலபமாக உள்ளே போகாது. ஆனால் டிவிடிக்கு வேறொரு பலவீனம் உண்டு: லேசாக வளைந்தாலும் படிக்கத் திணறும். ஸ்டிக்கர் பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

புளூரே டிஸ்க்கில் பதிவு அடிப்பக்கத்திலிருந்து 0.1 மி.மீ. ஆழத்தில்தான் இருக்கிறது. மேல்பக்கத்தில் எழுதுவதற்குப் பயப்பட வேண்டியதில்லை, அடியில் கைபடாமல் பிடித்தால் போதும். இரண்டு பக்கமும் பதிவாகும் டிவிடி அபூர்வமாகக் கிடைக்கும். அதில் நடுவளையத்தைத் தவிர எங்கும் எழுதாதீர்கள். பழைய ஹேண்டிகேம்களில் போட்ட 8 செ.மீ. சின்ன டிஸ்க்குகளும் டிவிடிதான், அதே விதிதான்.

எது எதுவென்று புரியவில்லையா? எல்லாவற்றையும் சிடி என்றே நினைத்து நடத்துங்கள். நஷ்டம் வராது.

2. எழுதுவதற்கு முன் எண் கொடுங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டிஸ்க்குக்கு ஒரு வரி: எண், உள்ளே என்ன இருக்கிறது, மூல கேசட் எது, எந்தத் தேதியில் ரைட் செய்தது, எந்த கம்பெனி டிஸ்க், யாருக்குக் கொடுத்தது. கல்யாணத்துக்கு க-01, க-02 என்றும், போட்டோவுக்கு போ-01 என்றும் வைத்துக்கொள்ளலாம். ஒரே பதிவுக்கு மூன்று காப்பி எடுத்தால் க-01-அ, க-01-ஆ, க-01-இ.

கம்பெனி பெயரையும் வாங்கிய மாதத்தையும் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு டப்பாவில் ஒரு டிஸ்க் சொதப்பினால் அதே டப்பாவில் இருந்து வந்த மற்றவற்றையும் உடனே சோதிக்க வேண்டும். எவை என்று அந்த நோட்டுதான் சொல்லும்.

3. டிஸ்க்குக்கு உள்ளேயே பெயர் வையுங்கள்

செலவே இல்லாத, ஆபத்தே இல்லாத வழி இது. ஆனாலும் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ரைட் செய்யும் சாஃப்ட்வேர் டிஸ்க்குக்கு ஒரு தலைப்புக் கேட்கும். அங்கே அது தானாகப் போட்டுவைக்கும் தேதியை அழித்துவிட்டு, உங்கள் எண்ணைக் கொடுங்கள். 16 எழுத்துக்குள் முடித்துவிடுங்கள், ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் போதும்; க-01 என்பதை இங்கே K01 என்று கொடுக்கலாம். தமிழில் கொடுத்தால் பழைய பிளேயர்களில் கட்டம் கட்டமாகத் தெரியலாம்.

டேட்டா டிஸ்க் என்றால் உள்ளே ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலும் போடுங்கள். அதில் தாராளமாகத் தமிழில் எழுதலாம், யூடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக்குறி முறையில் சேமித்தால் சரி. ‘தாம்பூலம் மாற்றுவது 12-ஆவது நிமிடம், ஊஞ்சல் 40-ஆவது நிமிடம்’ என்பது வரை எழுதி வைக்கலாம். மேலே எழுதிய மை அழிந்தாலும், உறை தொலைந்தாலும், டிஸ்க்கைப் போட்டால் அதுவே தன் பெயரைச் சொல்லும்.

4. ரைட், சரிபார்ப்பு, அப்புறம் எழுத்து

வரிசை இதுதான். எழுதிவிட்டு ரைட் செய்தால், ரைட் பாதியில் நின்றுபோன டிஸ்க்கும் பெயரோடு அடுக்கில் சேர்ந்துவிடும். பிறகு எது நல்லது எது கெட்டது என்று தேட வேண்டும்.

ஒரு முழு டிவிடி 8 மடங்கு வேகத்தில் சுமார் 8 முதல் 10 நிமிடம் எடுக்கும். இம்க்பர்ன், கே3பி போன்ற சாஃப்ட்வேர்களில் ரைட் முடிந்ததும் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. அதை டிக் செய்யுங்கள், கிட்டத்தட்ட இன்னொரு மடங்கு நேரம் ஆகும். பத்து டிஸ்க் என்றால் அரை நாள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சரிபார்ப்பு முடிந்து டிரைவிலிருந்து வந்த உடனே பேனாவை எடுக்காதீர்கள், டிஸ்க் சூடாக இருக்கும். ஒரு துண்டுக் காகிதத்தில் எண்ணை எழுதி அதோடு காகித உறையில் போட்டுவைத்து, எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாக எழுதுவது வசதி.

5. பேனா வாங்குவது

ஸ்டேஷனரி கடையில் ‘பர்மனென்ட் மார்க்கர்’ என்று மட்டும் கேட்காதீர்கள். கடைக்காரர் அட்டைப்பெட்டியில் எழுதும் மார்க்கரை எடுத்துக் கொடுப்பார். ‘சிடி மார்க்கர்’ என்று கேளுங்கள். பேனாவின் மேலேயே சிடி, டிவிடி என்று அச்சிட்டிருக்கும். கேம்லின், லக்ஸர் போன்ற நம் ஊர் கம்பெனிகளே போடுகின்றன. விலை சில பத்து ரூபாய்தான். கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கத் தயாரென்றால் ஸ்டெட்லர் லூமோகலரிலும் டிஸ்க்குக்கென்றே ஒன்று உண்டு.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று முனை: மெத்தென்ற ஃபெல்ட் முனையாக இருக்க வேண்டும். இரண்டு மை: தண்ணீர் அடிப்படையிலான மை முதல் தேர்வு. ஆல்கஹால் மை அடுத்தது. பலர் வருடக்கணக்காக அதில்தான் எழுதுகிறார்கள், ஆபத்தும் குறைவுதான், ஆனாலும் பாதுகாத்து வைக்க வேண்டிய சிடியில் நான் அதைத் தொடமாட்டேன். சைலீன், டொலுவீன் போன்ற கரைப்பான் கலந்த மை கூடவே கூடாது. மூடியைத் திறந்ததும் பெயின்ட் கடை வாசனை குப்பென்று வந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தக் கரைப்பான் சிடியின் மேல்பூச்சைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். இன்றைக்கே தெரியாது, மாதங்கள் கழித்துத்தான் டிஸ்க் திக்க ஆரம்பிக்கும்.

பால்பாயின்ட், ஜெல் பேனா, பென்சில், மெல்லிய கடின முனை உள்ள மைக்ரோ மார்க்கர் எல்லாம் தள்ளிவையுங்கள். மை நல்லதாகவே இருந்தாலும் முனை அழுத்தும் கோடு போதும், சிடியின் படலம் பள்ளமாகிவிடும். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003-இல் நூலகங்களுக்காக வெளியிட்ட டிஸ்க் பராமரிப்புக் கையேடும் இதையேதான் சொல்கிறது: கரைப்பான் இல்லாத மை, ஃபெல்ட் முனை, ஸ்டிக்கர் கூடாது.

வாங்கிய பேனாவை முதலில் ஒரு வீணான டிஸ்க்கில் எழுதிப் பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்து விரலால் தேயுங்கள். அழிந்தால் அந்தப் பேனா அந்த டிஸ்க்குக்குச் சரிப்படாது. வழவழப்பான பிளாஸ்டிக்கில் சில தண்ணீர் மைகள் ஒட்டுவதில்லை.

6. எங்கே, எப்படி எழுதுவது

டிஸ்க்கின் நடுத்துளையைச் சுற்றி ஒளி ஊடுருவும் வளையம் ஒன்று இருக்கும். ஏறக்குறைய ஒரு செ.மீ. அகலம். அங்கே பதிவு எதுவும் கிடையாது, அதனால் மை எதையும் கெடுக்காது. க-07-அ என்று எழுத அந்த இடம் தாராளம். தேதியும் வேண்டுமென்றால் எதிர்ப்பக்கம் வருடத்தை மட்டும் எழுதலாம்.

உருளை டப்பாவில் 50 டிஸ்க் அடுக்கி வருமே, அந்தத் தண்டில் மேலே செருகிக்கொண்டு எழுதினால் டிஸ்க் நகராது, அடியில் தூசியும் கீறாது. டப்பா இல்லையென்றால் மேஜைமேல் துவைத்த பருத்தித் துணி விரித்து வையுங்கள். கையால் விளிம்பை மட்டும் பிடியுங்கள். எழுதியதும் உறைக்குள் தள்ளாமல் பத்து நிமிடம் காயவிடுங்கள். மழைக்காலத்தில் இன்னும் கொஞ்ச நேரம். அடுக்கும்போது ஈர மை அடுத்த டிஸ்க்கின் அடிப்பக்கத்தில் ஒட்டினால், அதைத் துடைப்பது தனித் தலைவலி.

தப்பாக எழுதிவிட்டால் அழிக்கப் பார்க்காதீர்கள். நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் பாலிகார்பனேட்டையே வெளுக்கவைத்து விரிசல் விடவைக்கும். தின்னர், பெட்ரோல் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு கோடு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள், யாரும் மார்க் குறைக்கப் போவதில்லை.

7. ஸ்டிக்கர் ஏன் வேண்டாம், ஏற்கெனவே ஒட்டியிருந்தால் என்ன செய்வது

கடைகளில் இன்றும் வட்ட ஸ்டிக்கர் தாள்கள் கிடைக்கின்றன. ஏ4 தாளில் இரண்டு வட்டம், வீட்டு பிரிண்டரிலேயே அச்சிடலாம், விலையும் மலிவு. வலையில் விழ வேறென்ன வேண்டும்!

டிரைவுக்குள் டிஸ்க் சுற்றும் வேகத்தை யோசியுங்கள். 16 மடங்கு வேகத்தில் படிக்கும்போது ஒரு டிவிடி நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று வரை போகும். ஸ்டிக்கர் அரை மி.மீ. தள்ளி ஒட்டினாலே சமநிலை கெட்டு டிஸ்க் அதிரும். ஒரு மூலையில் ஒட்டிய விலைச்சீட்டு போன்ற துண்டு ஸ்டிக்கர் அதைவிட மோசம். காகிதம் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். பிளாஸ்டிக் அப்படிச் செய்யாது. இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால் டிஸ்க் கிண்ணம் மாதிரி லேசாக வளைகிறது, டிவிடி அங்கேதான் கோளாறு காட்டுகிறது. கடற்கரை ஊர்களில் ஐப்பசி மழைக்கும் சித்திரை வெயிலுக்கும் நடுவே இந்த இழுபறி வருடாவருடம் நடக்கும். டிரைவின் சூட்டில் பசை இளகி ஓரம் கிளம்பினால், கார் பிளேயர் போல வாயில் செருகும் கருவிகளில் அது உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

சரி, ஏற்கெனவே ஒட்டியாயிற்று. உரிக்காதீர்கள். சிடியில் ஸ்டிக்கரை இழுத்தால் பசையோடு உலோகப் படலமும் பெயர்ந்து வரும், பதிவும் சேர்ந்து போய்விடும். வெந்நீர், ஹேர் டிரையர், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். ஓரம் எங்கும் கிளம்பவில்லை என்றால், டிரே வெளியே வரும் டிரைவில் போட்டு, சாஃப்ட்வேரில் படிக்கும் வேகத்தைக் குறைத்து, உடனே ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி எடுங்கள். ஓரம் கிளம்பியிருந்தால் அதை விரலால் அழுத்திப் படியவைத்து, இந்த ஒரு காப்பிக்கு மட்டும் டிரைவில் போடுங்கள், அதையும் பழைய டிரைவிலேயே செய்யுங்கள். காப்பி வந்த பிறகு ஸ்டிக்கர் டிஸ்க் நினைவுக்காக அலமாரியில் இருக்கட்டும், பிளேயர் பக்கம் போக வேண்டாம்.

நடுவளையத்துக்கென்று சின்ன வளைய ஸ்டிக்கர்களும் விற்பார்கள். டிரைவ் டிஸ்க்கைப் பிடிப்பதே அந்த இடத்தில்தான், அங்கேயும் காகிதம் வேண்டாம்.

8. படம் வேண்டும் என்று அடம்பிடித்தால்

கல்யாண டிவிடி, மேலே படம் இல்லாமல் எப்படி என்று வீட்டில் கேட்பார்கள். அதற்கு வழி இங்க்ஜெட்டில் அச்சிடக்கூடிய டிஸ்க். மேல்பக்கம் மங்கலான வெள்ளையாக, மையை உறிஞ்சும் பூச்சோடு வரும். வாங்கும்போது அட்டையில் ‘பிரின்டபிள்’ என்று இருக்கிறதா பாருங்கள். வெறும் வெள்ளை டிஸ்க் என்று நம்பி வாங்கினால் மை வழிந்து ஓடும்.

பிரிண்டரும் டிஸ்க் தட்டு உள்ளதாக இருக்க வேண்டும். எப்சன் எல்805, எல்8050 மாதிரியானவற்றில் உண்டு. புதிது 20,000 ரூபாய்க்கு மேல் போகும் என்பதால் பத்து டிஸ்க்குக்காக வாங்குவது வீண். பிளாஸ்டிக் அடையாள அட்டை அச்சிடும் கடைகள் பலவற்றில் இதே பிரிண்டர்தான் இருக்கும். உங்கள் டிஸ்க்கை எடுத்துப்போய், ஒன்றுக்கு எவ்வளவு என்று பேசி அச்சிட்டுக்கொள்ளுங்கள். பேரம் பேசுவதற்கு முன் டிஸ்க் தட்டு அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பிரிண்டர் இருக்கும், தட்டை எங்கேயோ வைத்துவிட்டதாகச் சொல்வார்கள்.

ரைட் செய்து சரிபார்த்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள். அச்சான பக்கத்தில் 24 மணி நேரம் கை வைக்காமல், வெயில் படாத இடத்தில் காயவிட வேண்டும். அதற்கு முன் டிரைவில் போடக் கூடாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் கடைக்கு ஓடினால் இந்த ஒரு நாள் கிடைக்காது. காய்ந்த பிறகும் ஈரக் கை பட்டால் மை கலங்கும். படத்தை வடிவமைக்கும்போது நடுத்துளைப் பக்கம் எவ்வளவு தூரம் வெள்ளைப் பூச்சு வருகிறது என்று ஸ்கேலால் அளந்து கொடுங்கள், டிஸ்க்குக்கு டிஸ்க் அது மாறும்.

லேசரால் படம் பொறிக்கும் லைட்ஸ்கிரைப் டிரைவ் பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தால் ஆசைப்படாதீர்கள். அதற்கான தனி டிஸ்க் இப்போது லேசில் கிடைப்பதில்லை, பொறித்த படமும் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும்.

9. உறையில் தாராளமாக எழுதுங்கள்

டிஸ்க்கின்மேல் மிச்சம் பிடித்ததையெல்லாம் இங்கே செலவழிக்கலாம். கண்ணாடி மாதிரி இருக்கும் சிடி டப்பாவின் முன்தாள் 120 × 120 மி.மீ., பின்தாள் 151 × 118 மி.மீ. (இருபுறமும் முதுகுப் பட்டை 6.5 மி.மீ. மடிப்பு). டிவிடி டப்பாவின் சுற்றுத்தாள் 273 × 183 மி.மீ., முதுகு 14 மி.மீ. எல்லாமே ஏ4-க்குள் அடங்கும், அதனால் ஜெராக்ஸ் கடை கலர் பிரிண்டே போதும். அச்சிடும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை நீக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அளவு சுருங்கிவிடும். முதுகில் எண் கட்டாயம், டப்பாவை நிற்கவைத்து அடுக்கும்போது அது மட்டும்தான் தெரியும்.

காகித உறை என்றால் டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு எழுதுங்கள். உள்ளே வைத்தபடி பால்பாயின்ட்டால் எழுதினால் அந்த அழுத்தம் டிஸ்க்கில் பதியும். நாம் கரிசனமாக மார்க்கர் வாங்கி எழுதியதெல்லாம் இந்த ஓர் இடத்தில் வீணாகிவிடும்.

10. கல்லூரிக்கோ கோர்ட்டுக்கோ கொடுக்கும் டிஸ்க்

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் பின்னட்டையில் டிஸ்க்கை வைக்கச் சொன்னால், பைண்டிங் கடையில் உறையைத்தான் ஒட்டச் சொல்ல வேண்டும். அவசரத்தில் இரட்டைப் பசை டேப்பால் டிஸ்க்கையே ஒட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர், பதிவு எண், தலைப்பு மூன்றும் உறைமேல், பதிவு எண் மட்டும் டிஸ்க்கின் நடுவளையத்தில்.

வழக்குக்காக சிசிடிவி பதிவோ ஆடியோவோ கொடுப்பதானால் விஷயம் கொஞ்சம் கனம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் ஒன்று இணைக்க வேண்டும். முன்பு, பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தில், 65பி சான்றிதழ் என்று சொன்னதன் இடத்தில் வந்தது இது. அதில் ‘அ’ பகுதி பதிவைத் தாக்கல் செய்பவருக்கு, ‘ஆ’ பகுதி நிபுணருக்கு. ஃபைலின் ஹாஷ் மதிப்பையும் (உள்ளே இருப்பதை வைத்துக் கணக்கிடும், கைரேகை மாதிரியான நீள எண்), அது எந்த முறையில் கணக்கிட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். அந்த நீள எண்ணை டிஸ்க்மேல் எழுத முயலாதீர்கள், அது சான்றிதழில் இருந்தால் போதும். டிஸ்க்கில் உள்ள எண், உறையில் உள்ள எண், மனுவிலும் சான்றிதழிலும் குறிப்பிட்ட எண் எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்று வக்கீலை வைத்துக்கொண்டு ஒருமுறை ஒத்துப்பாருங்கள். எத்தனை காப்பி, எந்த வாசகம் என்பதில் அவர் சொல்வதே முடிவு. கொடுத்த பிறகு நோட்டில் அந்த வரிக்கு நேரே தேதியையும் வாங்கியவர் விவரத்தையும் எழுதி, ஒப்புகைச் சீட்டின் நகலை அதே பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.